தப்பு என்று சொல்ல வந்தவன்

புவெனஸ் ஐரஸில் ஒருவருக்கு வாய் தவறினால் அது அவருடைய சொந்த விஷயமாக இருப்பதில்லை. காய்கறிக் கடையில் தக்காளி கேட்கப் போய் முன்னாள் மனைவியின் பெயரைக் கேட்டுவிட்டால், கடைக்காரர் தராசிலிருந்து கையை எடுத்துவிட்டு "ம்... சொல்லுங்க" என்பார். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்த மாட்டார்கள். ஓரடி முன்னால் வந்து காதைத் தீட்டிக்கொள்வார்கள். பல் டாக்டரிடம் போவதை மறைப்பவர்கள் அந்த ஊரில் உண்டு. மனதைப் பிரித்துப் பார்க்கும் அனாலிஸ்டிடம் போவதை யாரும் மறைப்பதில்லை. போகாதவர்களைப் பார்த்துத்தான் ஊர் கவலைப்படும்.

லிசாந்த்ரோ போகாதவன். வயது முப்பத்தொன்று. அவனுக்குப் போக வேண்டிய தேவையும் இருந்ததில்லை, ஏனென்றால் அவன் அங்கேதான் பிறந்தான். அவன் அப்பா ரெமிஹியோ, பலேர்மோ பகுதியில் பெயர் பெற்ற அனாலிஸ்ட். ஐந்தாவது மாடியில் ஒரு பக்கம் வருபவர்கள் படுத்துப் பேசத் திவான் போட்ட அறை, மறுபக்கம் வீடு, நடுவில் ஒரு கதவு. கதவு மூடியிருந்தால் அப்பா தொழில் பார்க்கிறார் என்று அர்த்தம். கதவு திறந்திருந்தபோதும் அவர் தொழில்தான் பார்த்தார் என்பது லிசாந்த்ரோவின் குற்றச்சாட்டு.

சாட்சியங்கள் நிறைய இருந்தன. ஆறு வயதில் அவன் பாலைக் கொட்டியபோது, "யார் மேல கொட்டணும்னு இருந்துச்சு?" என்று கேட்டார் அப்பா. யார் மேலும் இல்லை என்று சொன்னால், "எவ்வளவு வேகமா இல்லைங்கற பாரு" என்பார். ஆமாம் என்று ஒப்புக்கொண்டால் தலையை மட்டும் ஆட்டுவார். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அந்த மௌனத்தை மெச்சுவார். வாக்குவாதம் நீண்டால், கடிகாரத்தைக்கூடப் பார்க்காமல், "சரி, இங்கயே விட்டுடலாம்" என்று எழுந்துவிடுவார். அந்த ஊர் அனாலிஸ்டுகள் அமர்வை முடிக்கும் வாசகம் அது. திவானில் படுத்திருப்பவர் வாயிலிருந்து கனமான சொல் ஒன்று விழுந்ததும், நேரம் மிச்சமிருந்தாலும், அதைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆள் அந்தச் சொல்லோடு லிப்டில் இறங்கி, அதோடு பஸ் ஏறி, அதோடு சாப்பிட்டுத் தூங்க வேண்டும். லிசாந்த்ரோவுக்கு இறங்கிப் போக லிப்ட் இல்லை. அவன் பக்கத்து அறைக்குப் போய் வீட்டுப்பாடம் எழுதினான்.

எல்லாவற்றுக்கும் சிகரம் சைக்கிள். ஒன்பது வயதில் பூங்காச் சரிவில் இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் விழுந்து, முன்பல் பாதி உடைந்தது. வாயெல்லாம் ரத்தம். "பிரேக் பிடிக்கலப்பா" என்று அழுதான். அப்பா அவனை வாரியெடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். நடந்துகொண்டே, ஏராளமான அன்போடு, "உன்னை யாராவது தூக்கிட்டுப் போகணும்னு உனக்கு ஆசை. அதான் விழுந்த" என்றார்.

பல்லில் பாதி இன்றுவரை திரும்பவில்லை. லிசாந்த்ரோ தத்துவம் படிக்கப் போனான்.

ஏழு வருடம் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டில் நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். ஆனால் விஷயம் ஒரே வரிதான்: ஒருபோதும் தப்பாக முடியாதது, உண்மையாகவும் இருக்க முடியாது. நாளை மழை வரும் என்பவன் நாளைக்கே மூக்குடைபடலாம். அந்த ஆபத்து இருப்பதால்தான் அவன் பேச்சுக்கு உண்மையாகும் தகுதி வருகிறது. நீ ஆமாம் என்றாலும் ஆமாம், இல்லை என்றாலும் ஆமாம் என்று அடித்துச் சொல்பவன் எதையுமே சொல்லவில்லை. ஆகவே உளப்பகுப்பாய்வு எதையுமே சொல்லவில்லை. மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பு 'பிரேக்'. அதில் வரும் சிறுவனுக்குப் பெயர் வைக்கப்படவில்லை.

வாய்மொழித் தேர்வு ஆகஸ்ட் பதினாறாம் தேதி காலை பத்து மணிக்கு என்று முடிவானது. அந்தத் தேதிக்கு நான்கு வாரம் முன்பு, அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில், அவனோடு வாழும் அயெலென், "நான் கர்ப்பமா இருக்கேன்" என்றாள்.

"எந்த அர்த்தத்துல?" என்றான் லிசாந்த்ரோ.

ஏழு வருடப் பழக்கம். வாயில் வந்துவிட்டது. அயெலென் அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துவிட்டு, "எல்லா அர்த்தத்துலயும்" என்றாள்.

அவள் குழந்தைகளின் காது கேட்கும் திறனைச் சோதிப்பவள். காதில் ஹெட்போனை மாட்டி மெல்லிய ஒலிகளை அனுப்புவாள். கேட்டால் பிள்ளை பட்டனை அழுத்த வேண்டும். அவள் வேலையில் கேட்டது, கேட்கவில்லை என்று இரண்டே பதில்கள். தெற்கே ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, அவள் பிறந்த நெயுக்கேன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அம்மாவும் இரண்டு அக்காக்களும் அங்கேதான் இருந்தார்கள். உனக்குக் குழந்தை வேண்டுமென்றால் இங்கேயே இருப்பேன், வேண்டாமென்றால் அங்கே போய் நானே வளர்த்துக்கொள்வேன் என்று அவள் சொல்லிவிட்டாள். சண்டை இல்லை, அழுகையும் இல்லை. லிசாந்த்ரோ யோசிக்க வேண்டும் என்றான். யோசித்தான். வைவா முடியட்டும் என்றான். நிரூபிக்க முடியாத எதையும் உறுதியாகச் சொல்லக் கூடாது என்பது அவன் கொள்கை. கொள்கை இருப்பவனோடு குடும்பம் நடத்துவதில் இது ஒரு சங்கடம்.

பதினாறாம் தேதி காலை அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"மதியத்துக்குள்ள உன் வைவா முடிஞ்சிடும். அஞ்சு மணிக்கு நான் நெயுக்கேனுக்கு போன் பண்ணியாகணும். அவங்க இன்னிக்கு வரைக்கும்தான் பொறுப்பாங்க."

"புரியுது."

"புரியுதுங்கறது பதில் இல்ல, லிச்சா. நாலு வாரமா சத்தம் அனுப்பிக்கிட்டே இருக்கேன். நீ பட்டனை அழுத்தவே மாட்டேங்கற."

"இன்னிக்கு சொல்லிடறேன். வைவா முடிஞ்சதும்."

"சரி. நானும் வரேன். நாலாவது வரிசையில உக்காந்துக்கறேன்."

வேறு ஊராக இருந்தால் இப்படிப்பட்ட தேர்வுக்கு அம்மா வருவார், கடன் வாங்கிய கோட்டோடு ஒரு நண்பன் வருவான். இங்கே அறுபது பேர் வந்திருந்தார்கள். அதில் பாதிக்கு மேல் அனாலிஸ்டுகள். தங்கள் தொழிலை ஒருவன் நானூறு பக்கத்துக்குத் திட்டியிருக்கிறான் என்று கேள்விப்பட்டு, ஃபிளாஸ்கில் வெந்நீரோடும் மாத்தே என்ற கசப்புத் தேநீரை உறிஞ்சும் குடுவையோடும் ஆசையாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆகஸ்ட் அங்கே கடுங்குளிர் காலம், ஹீட்டர் வேலை செய்யவில்லை. எல்லோரும் கோட்டோடு இருந்தார்கள். கடைசி வரிசையில், கதவோரம், தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்த்தபடி ரெமிஹியோ. அந்தச் சாய்வு லிசாந்த்ரோவுக்குத் தெரியும். கேட்கிறார் என்று அர்த்தம். அவன் அந்தப் பக்கமே பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டான்.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். தலைவர் டாக்டர் நெலிடா, கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். அடுத்து தர்க்கப் பேராசிரியர் வால்தேமார், கண்ணாடி வழியாகக்கூட யாரையும் பார்க்காதவர். மூன்றாமவர் இருமல் மிட்டாயைச் சப்பிக்கொண்டிருந்தார், கடைசி வரை அதையே செய்தார். ஓரத்தில் ஒரு சின்ன மேஜையில் செயலாளர் க்ளோதில்தே. நடவடிக்கைக் குறிப்பை அவர் கையால் எழுதுவார், சொன்னது சொன்னபடி. போன வருடம் ஒரு தேர்வின் குறிப்பில் 'இங்கே பேராசிரியர் தும்மினார், இரண்டு முறை' என்று இருந்தது. அதை எடுத்துவிடுங்கள் என்று பேராசிரியர் கேட்டதற்கு, "தும்மலயா நீங்க?" என்று கேட்டார் க்ளோதில்தே.

லிசாந்த்ரோ நன்றாகவே பேசினான். முக்கால் மணி நேரம் தடுமாற்றமே இல்லை. வால்தேமார் இரண்டு முறை தலையாட்டினார், அது அவர் பத்து வருடத்தில் ஆட்டியதைவிட அதிகம். முடிவுரைக்கு வந்தான். குறிப்புத் தாளை மூடிவைத்தான். இந்த ஒரு வரியை அவன் பார்த்துப் படிக்க வேண்டியதில்லை. தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வான்.

"ஆக, நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஒருபோதும் அப்பாவாக முடியாதது, உண்மையாகவும் இருக்க முடியாது."

மாத்தே உறிஞ்சும் சத்தம் நின்றது.

அவன் கவனிக்கவில்லை. "இதை ஏற்றுக்கொண்டால்..." என்று அடுத்த வாக்கியத்துக்குள் பாதி தூரம் போய்விட்டான். அப்புறம்தான் அவையின் முகங்களைப் பார்த்தான். இரண்டாம் வரிசையில் ஓர் அம்மையார், நல்ல பலகாரத்தை வாயில் போட்டதுபோலக் கண்ணை மூடியிருந்தார். யாரோ "ஆஹா" என்றார்கள், மிக மெதுவாக.

"மெதுவா சொல்லுங்க," என்றார் க்ளோதில்தே, பேனாவைத் தூக்கியபடி. "'ஒருபோதும் அப்பாவாக முடியாதது'... அப்புறம்?"

"தப்பாக," என்றான் லிசாந்த்ரோ. "தப்பாக முடியாதது. தப்பு."

"அப்பாவாகன்னு சொன்னீங்க."

"இல்லையே."

"சொன்னீங்க," என்றது அறுபது பேர் கொண்ட அவை.

"வாய் தவறிடுச்சு. அவ்வளவுதான். அதை அடிச்சிடுங்க."

அவையிலிருந்து திருப்தியான ஒரு பெருமூச்சு எழுந்தது. கிரிக்கெட் தெரியாத அந்த ஊரில், கடைசிப் பந்தில் சிக்ஸர் என்றால் என்ன என்பதை அந்தப் பெருமூச்சை வைத்து ஒருவர் விளக்கிவிடலாம்.

அப்புறம் யாருக்கும் கட்டுப்பாடு இல்லை. இடது பக்கத்தில் ஒருவர் எழுந்து, "தெளிவா இருக்கு. தப்பே பண்ணாத அப்பா. ஆய்வேடு முழுக்க அவருக்கு எழுதின கடிதம்" என்றார். அறுபது தலைகளும் கடைசி வரிசைக்குத் திரும்பின. ரெமிஹியோ தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது பக்கத்தில் ஒருவர், "அது மேலோட்டம். இவனுக்கே அப்பாவாக பயம். வாக்கியத்தோட எழுவாயைப் பாருங்க" என்றார். "எழுவாய் அஃறிணை!" "அஃறிணையா ஏன் ஆச்சு? அதைக் கேளுங்க!"

வால்தேமார் மேஜையைத் தட்டினார். "அமைதி! இது நாக்குத் தசை விஷயம். வேகத்துல 'த' விழுந்துடுச்சு. இதுல ஆராய ஒண்ணுமில்ல."

"'த' ஏன் விழணும், புரொபசர்?" என்றார் கண்ணை மூடியிருந்த அம்மையார்.

"நீங்களே வாரத்துக்கு மூணு நாள் திவானுக்குப் போறவர்தானே?" என்றது இன்னொரு குரல்.

"அது முதுகுவலிக்கு," என்றார் வால்தேமார்.

டாக்டர் நெலிடா கையை உயர்த்தினார். சத்தம் அடங்கியது. அவர் கண்ணாடிக்கு மேலாக லிசாந்த்ரோவைப் பார்த்தார். கேலி இல்லை அந்தப் பார்வையில்.

"உங்க அளவுகோலை வச்சே ஒண்ணு கேக்கறேன். இந்த வாய் தவறலுக்கு அர்த்தம் எதுவும் இல்லைங்கறீங்க."

"ஆமா."

"நீங்க அப்படிச் சொல்றது தப்பா இருக்கலாமா?"

லிசாந்த்ரோ வாயைத் திறந்தான். இருக்கலாம் என்றால் அர்த்தம் இருக்கிறது என்று ஆகலாம். இருக்கவே முடியாது என்றால், தப்பாகவே முடியாத ஒன்றை இந்த மேடையில் நின்று அவனே சொல்கிறான். நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் அவன் தலையிலேயே வந்து விழும். ஏழு வருடத்தில் இந்தக் கேள்வியை அவன் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை.

அவன் கண்கள் நாலாவது வரிசைக்குப் போயின. அயெலென் எழுந்து நின்றிருந்தாள். கழுத்துத் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள், நிதானமாக, இரண்டு சுற்று. அவனை ஒருமுறை பார்த்தாள். வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டி, கதவைத் திறந்து, போய்விட்டாள்.

ஒருபோதும் அப்பாவாக முடியாது. அவளுக்குக் கேட்டது அதுதான். பட்டன் அழுத்தப்பட்டுவிட்டது.

"டாக்டர், எனக்குப் பத்து நிமிஷம் வேணும்," என்றான் லிசாந்த்ரோ.

"எதுக்கு?"

"அவ போறா."

உலகத்தின் வேறெந்தப் பல்கலைக்கழகத்திலும் அவனை அங்கேயே தோல்வி என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். இங்கே தேர்வுக் குழு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. "போயிட்டு வாங்க. அவசரமில்ல" என்றார் நெலிடா. பின்னாலிருந்து யாரோ, "தடுக்காதீங்கப்பா, வழி விடுங்க!" என்று கத்தினார். க்ளோதில்தே எழுதினார்: '11.05. ஆய்வாளர் ஓடினார்.'

படிக்கட்டுத் திருப்பத்தில் ரெமிஹியோ நின்றிருந்தார். எப்போது வெளியே வந்தார் என்று தெரியவில்லை. மூச்சு வாங்கியது அவருக்கு.

"அவ எந்தப் பக்கம் போனா?" என்றான் லிசாந்த்ரோ.

"இடது பக்கம். பஸ் ஸ்டாப்புக்கு."

லிசாந்த்ரோ இரண்டு படி இறங்கி நின்றான். திரும்பினான்.

"சொல்லிடுப்பா. மனசுல வச்சுக்காத. அங்க எல்லாரும் சொல்லியாச்சு. நீ மட்டும்தான் பாக்கி. என்ன அர்த்தம் அதுக்கு?"

"தெரியலடா," என்றார் ரெமிஹியோ.

முப்பத்தொரு வருடத்தில் அந்தச் சொல்லை அந்த வாயிலிருந்து லிசாந்த்ரோ கேட்டதில்லை. அது ஏதோ உத்தி என்றுதான் முதலில் நினைத்தான்.

"தெரியலையா?"

"தெரியல. ஆனா ஒண்ணு தெரியும், அதைச் சொல்லத்தான் காலையிலேர்ந்து... இல்ல, உன் மூணாவது அத்தியாயத்தைப் படிச்சதுலேர்ந்து." அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "பிரேக் கம்பி அறுந்துதான் இருந்துச்சு."

"என்னது?"

"அன்னிக்கு சாயங்காலம் சைக்கிளைத் திருப்பிப் பார்த்தேன். கம்பி தொங்கிச்சு. அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே நீ சொல்லியிருந்த, மாத்திக் குடு அப்பான்னு. நான் மறந்துட்டேன். தப்பு என்னுது."

"இருபத்திரண்டு வருஷம்," என்றான் லிசாந்த்ரோ.

"ஆமா."

"இதை நீ இருபத்திரண்டு வருஷம் சொல்லல."

"உன் வாயெல்லாம் ரத்தம். என் கை நடுங்குது. ஏதாவது ஒரு அர்த்தம் சொல்லிட்டா நடுக்கம் நின்னுடும்னு தோணுச்சு. சொன்னேன். நின்னுடுச்சு. அதுக்கப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு." ரெமிஹியோ சுவரிலிருந்து கையை எடுத்தார். "அன்னிக்கு நான் சொன்னதுல பாதி சரிதான். தூக்கிட்டுப் போகணும்னு ஆசை ஒண்ணு இருந்துச்சு. எனக்கு. நீ வளர்ந்துட்ட, இனிமே தூக்க விடமாட்டன்னு நெனச்சுட்டிருந்தேன். ஆளைத்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

லிசாந்த்ரோவுக்கு நாக்கு தானாகப் போய் அந்த அரைப் பல்லைத் தொட்டது. திட்ட வேண்டும் என்று இருந்தது. நானூறு பக்கம் ஏற்கெனவே திட்டியாகிவிட்டது. கையிருப்பில் எதுவும் இல்லை.

"சரி, இங்கயே..." என்று ஆரம்பித்தார் ரெமிஹியோ. பாதியில் நிறுத்திக்கொண்டார். "போடா. பஸ் வந்துடும்."

வாசலில் நண்பர்கள் ஏழு பேர் காத்திருந்தார்கள். பட்டம் வாங்கி வெளியே வருபவனை முட்டையும் மாவும் கடுகுச் சாந்துமாக அடிப்பது அங்கே மங்கள காரியம். தலைதெறிக்க ஓடி வருபவன் பட்டம் வாங்கியவனாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தது நியாயம்தான். "டாக்டர்!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். முதல் முட்டை காதோரம் உடைந்தது. "இல்லடா, இன்னும் முடியல!" என்றான். இரண்டாவது முட்டை அந்த வாக்கியத்தை முடித்து வைத்தது. மூன்று தட்டு முட்டையும் இரண்டு கிலோ மாவும் தீர்ந்த பிறகுதான் அவனால் வழி கண்டுபிடிக்க முடிந்தது.

பஸ் ஸ்டாப்பில் அயெலென் மட்டும் இருந்தாள். அல்ஃபஹோர் பிஸ்கட் ஒன்றின் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளையும் மஞ்சளுமாக ஓர் உருவம் ஓடி வருவதைப் பார்த்து ஒரு கணம் பையை இறுக்கிக்கொண்டாள். அப்புறம் அடையாளம் தெரிந்தது.

"முடிஞ்சிடுச்சா?"

"இல்ல. இடைவேளை."

"இடைவேளையிலயே முட்டையா?"

"அவசரப்பட்டுட்டாங்க."

"உன் கூட இருக்கறவங்களாவது எதுலயாவது அவசரப்படறாங்களே," என்றாள் அயெலென். பிஸ்கட்டைக் கடித்தாள். "போ லிச்சா. குளிருது. எனக்கு பதில் கிடைச்சிடுச்சு. நாலு வாரம் கழிச்சு, அறுபது பேர் முன்னாடி, மைக் வச்சு."

"அது வாய் தவறினது."

"உங்க ஊர்ல வாய் தவறினதுதானே நிஜம். மத்ததெல்லாம்தானே வேஷம்."

அவனுக்கு வழி திறந்தே இருந்தது. அதற்கு அர்த்தமே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆதாரமாக நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், அடிக்குறிப்புகளோடு. சொன்னால் அவள் நம்பக்கூடச் செய்வாள். மூக்கு நுனியிலிருந்து மஞ்சள் கரு ஒரு சொட்டு விழுந்தது.

"அர்த்தம் இருந்துச்சு," என்றான் லிசாந்த்ரோ.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"எனக்கு கிட்டத்துல தெரிஞ்ச அப்பா ஒரே ஒருத்தர்தான். அவர் தப்பே பண்ணாதவர். அப்பான்னா அப்படித்தான் இருந்தாகணும்னு எங்கயோ உள்ள உக்காந்திருக்கு போல. என்னால அப்படி இருக்க முடியாது, அயெலென். அடுப்புல பால் பொங்கும்போது எந்த அர்த்தத்துலன்னு கேட்டவன் நான்."

"அதை மறக்கவே மாட்டேன்."

"தெரியும். இப்போ படிக்கட்டுல அப்பா ஒரு தப்பை ஒத்துக்கிட்டார். பழைய தப்பு. ஒத்துக்கிட்டும் அப்பாவாத்தான் நின்னார். எனக்கு அது..." அவன் கண்ணோரத்து முட்டையை வழித்தெறிந்தான். "குழந்தை வேணும். பயமாவும் இருக்கு. வேணும்ங்கறது பயத்தை மறைக்கற வேஷமா, பயம்ங்கறது வேற எதையாவது மறைக்கற வேஷமா, அதெல்லாம் எனக்குத் தெரியாது. எந்த அர்த்தத்துலன்னு மட்டும் கேட்டுடாத."

பஸ் வந்தது. கதவு திறந்தது. டிரைவர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"வாழ்த்துகள் டாக்டர்," என்றார். "ஆனா ஏத்த மாட்டேன். சீட்டெல்லாம் ஒட்டும்."

"நான் ஏறல," என்றாள் அயெலென். கதவு மூடி, பஸ் போனது. அவள் கைக்குட்டையை எடுத்தாள். அவன் தலையைப் பார்த்தாள். ஒரு கைக்குட்டையால் ஆகிற வேலை இல்லை என்று தெரிந்து திரும்ப உள்ளே வைத்தாள்.

"நான் ஏறலைன்னுதான் சொன்னேன். தங்கறேன்னு சொல்லல. வாய் தவறி ஒண்ணு சொல்ற, ஓடி வந்து இன்னொண்ணு சொல்ற. ரெண்டுல எதை நான் எடுத்துக்கறது? போய் உன் வைவாவை முடி. கடைசி வரிசையில உக்காந்திருப்பேன். போன் அஞ்சு மணிக்குத்தான்."

லிசாந்த்ரோ அவைக்குள் நுழைந்தபோது யாரும் அதிர்ச்சி அடையவில்லை. வெளியே என்ன நடந்திருக்க வேண்டும் என்பது பற்றி இருபது நிமிடமாக ஏழு விளக்கங்கள் முன்வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்றில் முட்டையும் இருந்தது. தரையில் மாவுத் தடம் பதிய அவன் நடந்துபோய் மேடையில் நின்றான். கடைசி வரிசையில் அயெலென் உட்கார்ந்தாள். அவளுக்கும் ரெமிஹியோவுக்கும் நடுவில் ஒரே ஒரு காலி நாற்காலி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"எங்க விட்டோம்?" என்றார் வால்தேமார்.

"தப்புல," என்றான் லிசாந்த்ரோ.

க்ளோதில்தே தாளைப் புரட்டி, உணர்ச்சியே இல்லாத குரலில் வாசித்தார். "'ஒருபோதும் அப்பாவாக முடியாதது, உண்மையாகவும் இருக்க முடியாது.' அடிக்கச் சொன்னீங்க. அடிக்க முடியாது, ஓரத்துல திருத்தம்னு போடலாம். 'அப்பாவாக' என்பதைத் 'தப்பாக' என்று படிக்கவும். போடவா?"

லிசாந்த்ரோ யோசித்தான். ஆனால் அதிக நேரம் இல்லை.

"வேண்டாம். நான் சொன்னது அதுதான். அப்படியே இருக்கட்டும்."

அவையில் ஒரு சலசலப்பு. நெலிடா கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ என் கேள்விக்கு பதில்?"

"அர்த்தமே இல்லைன்னு நான் சொன்னது தப்பா இருக்கலாம், டாக்டர். தப்புதான். ஆனா அதை நிரூபிச்சது இந்த அவையில யாரும் இல்ல. இங்க ரெண்டு விளக்கம் வந்துச்சு, ரெண்டும் அழகா இருந்துச்சு, எது நிஜம்னு உங்க யாராலயும் சொல்லியிருக்க முடியாது. நான் போய் ஒரு ஆள்கிட்ட அது என்னுதுன்னு ஒத்துக்க வேண்டியிருந்துச்சு. ஒத்துக்கறதுக்கு முன்னாடி அது நிஜமாவும் இல்ல, பொய்யாவும் இல்ல. இது என் ஆய்வேட்டுல இல்ல. இருந்திருக்கணும்." ஒரு கட்டி மாவு அவன் புருவத்திலிருந்து உதிர்ந்து குறிப்புத் தாள்மேல் விழுந்தது. "அந்த வரிக்குக் கீழ இன்னொரு வரி சேர்க்கணும்."

"சொல்லுங்க," என்றார் க்ளோதில்தே.

"மேற்படி கூற்றின் முதல் பாதி, அதாவது ஒருபோதும் அப்பாவாக முடியாது என்பது, தப்பு. இது சோதித்துப் பார்க்கக்கூடியது. மார்ச் மாதம் தெரிந்துவிடும்."

முதலில் புரிந்தது வால்தேமாருக்குத்தான். அவர் முகம் மலர்ந்தது. "சோதிச்சுப் பார்க்கலாம்!" என்றார், ஏதோ தனக்கே பிள்ளை பிறந்ததுபோல. "காலக்கெடுவோட! இதைத்தான் காலையிலேர்ந்து யாராவது சொல்ல மாட்டாங்களான்னு உக்காந்திருக்கேன்!" கண்ணை மூடியிருந்த அம்மையார் இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாமவர் இன்னொரு இருமல் மிட்டாயைப் பிரித்தார்.

க்ளோதில்தே எழுதிக்கொண்டே போய் நிறுத்தினார்.

"மார்ச் எத்தனாம் தேதி?"

நான்கு வாரம் யோசித்ததில் அதை மட்டும் அவன் கேட்கவே இல்லை. அவன் கண்கள் அவையின் தலைகளைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போயின. அங்கே நடுவிலிருந்த காலி நாற்காலியில் இப்போது அயெலெனின் கோட்டும் கழுத்துத் துண்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அந்தக் குளிரில் அவற்றைக் கழற்றியவள் அவள் ஒருத்திதான்.

"பதினாலு," என்றாள் அயெலென், எழுந்திருக்காமல். "ஆனா டாக்டர் சொன்ன தேதி. தப்பாகலாம்."

க்ளோதில்தே அதையும் எழுதிக்கொண்டார்.